பழைய பிளேசரும் எழுதாத விதியும்

ஒன்பது வருடம் பீரோவுக்குள் தொங்கிய பிளேசர் அது. தோள்பட்டையில் ஹேங்கர் அழுத்திய இடம் மேடு தட்டியிருந்தது. காலர் மடிப்போரம் நிறம் லேசாக வெளுத்திருந்தது. உள்பாக்கெட்டில் கைவிட்டால், எப்போதோ போய்வந்த ஏதோ ஒரு ஆபீஸின் விசிட்டர் பாஸ், கிளிப்போடு. இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பும் அளவுக்கு வளர்த்துவிட்டு மறுபடி வேலைக்குக் கிளம்பிய என் தோழி, அந்தப் பிளேசரைத்தான் டிரைவாஷ் கொடுத்து வாங்கி இன்டர்வியூவுக்குப் போட்டுக்கொண்டு போனாள். எதிரில் உட்கார்ந்திருந்த இருவரில் ஒருவர் ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டில் இருந்தார். இன்னொருவர் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார், அதுவும் அயர்ன் காணாத சட்டை. சாயங்காலம் போனில் சொன்னாள்: "நான் என்னமோ அவங்களை இன்டர்வியூ எடுக்கப் போன மாதிரி இருந்துச்சுடி."

வேலை கிடைத்துவிட்டது. தலைவலி அதற்கப்புறம்தான். ஆஃபர் லெட்டரோடு வந்த இணைப்புகளில் லேப்டாப், லீவு, இன்சூரன்ஸ், ஐடி கார்டு எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பக்கம் இருந்தது. உடைக்கு மட்டும் ஒரே வரி: 'பணியிடத்துக்குப் பொருத்தமான உடை'. யார் கண்ணுக்குப் பொருத்தம் என்று அதில் இல்லை. அவள் விட்டுவந்த பழைய ஆபீஸில் இதற்கென்று முழுப் பக்கம் இருந்தது. காலர் வைத்த சட்டை, விரல் தெரியாத ஷூ, வெள்ளிக்கிழமை மட்டும் ஜீன்ஸ், அதிலும் கிழிசல் கூடாது. எரிச்சலூட்டும் பக்கம்தான். ஆனால் படித்தால் புரிந்தது.

பிள்ளை வளர்ப்புக்காக இடைவெளி எடுத்துத் திரும்புகிறவர்களிடம் எல்லோரும் சொல்வது, "இப்பெல்லாம் டிரஸ் கோடே கிடையாது, எது வேணா போட்டுக்கலாம்" என்பது. ஆறுதலுக்குச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விதி எங்கேயும் போய்விடவில்லை. காகிதத்தை விட்டு இறங்கி, பார்க்கிறவர்களின் கண்ணுக்குள் குடியேறிவிட்டது. தினமும் ஆபீஸுக்குள் இருப்பவர்கள் அதைக் கற்கிறோம் என்று தெரியாமலே கற்றுக்கொள்கிறார்கள். வெளியே இருந்தவர்களுக்குத்தான் அது தெரிய வழியில்லை.

இந்தத் தளர்வு எப்படி வந்தது

ஆபீஸ் உடை தளர்ந்த கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஆரம்பிப்பார்கள். அதற்கு ரொம்ப முன்னாலேயே ஹவாயில் ஆரம்பித்துவிட்டது. அங்கே ஆயத்த ஆடைத் தயாரிப்பாளர்கள் 1962ல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் இரண்டு பூப்போட்ட சட்டைகளைக் கொடுத்து, வெயில் காலத்தில் கோட்டும் டையும் வேண்டாம், இதைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வரலாம் என்று பேசவைத்தார்கள். 1966ல் அது 'அலோஹா வெள்ளி' என்று பெயர் பெற்றது. இன்று உலகம் முழுக்கப் பழகிப்போன 'கேஷுவல் வெள்ளி'க்கு அதுதான் முன்னோடி. சட்டை விற்கிறவர்களின் யோசனையாகத்தான் அது பிறந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1992ல் இன்னொரு சட்டை விற்பனை நடந்தது, இந்த முறை பெரிய அளவில். அமெரிக்காவில் மந்தநிலையால் சம்பள உயர்வு கொடுக்க முடியாத கம்பெனிகள், வாரத்தில் ஒருநாள் சாதாரண உடையில் வரலாம் என்பதைச் செலவில்லாத சலுகையாகக் கொடுக்க ஆரம்பித்திருந்தன. ஆனால் எது சாதாரணம் என்று மேனேஜர்களுக்கே குழப்பம். கடற்கரைக்குப் போகிற மாதிரியெல்லாம் ஆட்கள் வந்து நின்றார்கள். அந்தக் குழப்பத்துக்குள் லீவைஸ் நுழைந்தது. 'பிசினஸ் கேஷுவல்' என்றால் என்ன என்று படம் போட்ட சின்னக் கையேடு ஒன்றை அச்சடித்து, ஏறக்குறைய 25,000 எச்.ஆர். மேனேஜர்களுக்கு அனுப்பிவைத்தது. படங்களில் இருந்தவர்கள் போட்டிருந்ததில் அந்தக் கம்பெனியின் டாக்கர்ஸ் காக்கி பேன்ட் முக்கிய இடம் பிடித்தது. பல கம்பெனிகளின் டிரஸ் கோட் பேன்ட் கம்பெனியின் தயவில் உருவானது இப்படித்தான். ஃபார்மலுக்கு ஒரு பீரோ, வீட்டுக்கு ஒரு பீரோ என்றிருந்த இடத்தில் நடுவில் மூன்றாவதாக ஒரு பீரோ முளைத்தது. தளர்வு என்று பெயர், செலவு என்னவோ கூடத்தான் செய்தது.

1995ல் ஐபிஎம் தன் பேர்போன வெள்ளைச் சட்டை, இருண்ட கோட் வழக்கத்தைக் கைவிட்டது. அப்போது தலைவராக இருந்த லூ கெர்ஸ்ட்னர் சொன்ன காரணம் ரொம்ப எளிமை. அந்த வழக்கத்தை உண்டாக்கிய தாமஸ் வாட்சனின் நோக்கம், வாடிக்கையாளர் எப்படி உடுத்துகிறாரோ அதற்கு மரியாதை கொடுத்து நாமும் உடுத்துவது. அந்தக் காலத்து வாடிக்கையாளர்கள் கோட் போட்டிருந்தார்கள், ஐபிஎம்காரர்களும் போட்டார்கள். அப்புறம் வாடிக்கையாளர்கள் மாறிவிட்டார்கள், ஐபிஎம்காரர்கள் மட்டும் கோட்டைக் கழற்றவில்லை. காரணம் செத்துப்போய் விதி மட்டும் உயிரோடு இருந்தது.

அதற்கப்புறம் வரிசையாக நடந்ததில் இரண்டை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் திரும்பி வருகிறவர்களின் சிக்கல் முழுவதும் அந்த இரண்டுக்குள் இருக்கிறது.

'எல்லோருக்கும் தெரியும்'

முதலாவது, ஜெனரல் மோட்டார்ஸ். மேரி பாரா பின்னாளில் அந்தக் கம்பெனிக்குத் தலைவரானவர். 2009ல் அவர் மனிதவளத் துறைக்குப் பொறுப்பேற்றபோது டிரஸ் கோட் பத்துப் பக்கம் இருந்தது. அதை இரண்டே வார்த்தை ஆக்கினார்: பொருத்தமாக உடுத்துங்கள். இந்தக் கதையை மேனேஜ்மென்ட் வகுப்புகளில் கைதட்டலோடு சொல்வார்கள். எனக்குப் பிடித்தது இதன் பின்பாதி. மூத்த அதிகாரி ஒருவர், இது போதாது, இன்னும் தெளிவாக வேண்டும் என்று பாராவுக்கு மெயில் போட்டார். விசாரித்தால், அவருடைய ஆட்களில் சிலர் திடீர் திடீரென்று அரசு அதிகாரிகளைப் பார்க்கப் போகவேண்டியிருக்கும், அந்த நேரத்தில் ஜீன்ஸில் நின்றால் சரியாக இருக்காது. உங்கள் ஆட்களோடு பேசி நீங்களே ஒரு வழி கண்டுபிடியுங்கள் என்றார் பாரா. பேசினார்கள். அப்படிப் போக நேர்கிற நான்கு பேர் மட்டும் லாக்கரில் ஒரு ஃபார்மல் பேன்ட் வைத்துக்கொள்வது என்று முடிவானது.

ஆக, இரண்டு வார்த்தை வேலை செய்யவில்லை. அதற்குப் பின்னால் நடந்த அந்தப் பேச்சுதான் வேலை செய்தது. உண்மையான விதி, 'லாக்கரில் ஒரு பேன்ட்'. அந்த விதி எந்தக் காகிதத்திலும் இருந்திருக்காது. மூன்று வருடம் கழித்து அந்த டீமில் புதிதாகச் சேருகிறவர் அதை யாராவது சொன்னால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இரண்டாவது, கோல்ட்மேன் சாக்ஸ். முதலீட்டு வங்கிகளில் கோட்டும் டையும் கடைசிவரை தாக்குப்பிடித்தன. 2019 மார்ச்சில் அந்த வங்கியும் கம்பெனி முழுவதற்கும் உடையைத் தளர்த்துவதாகக் குறிப்பு அனுப்பியது. எது சரி, எது சரியில்லை என்று அதில் பட்டியல் எதுவும் இல்லை. வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பை மனதில் வைத்து உடுத்துங்கள் என்றும், பணியிடத்துக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று நம் எல்லோருக்கும் தெரியும் என்றும் இருந்தது. இதே வங்கிதான் 2008ல், இடைவெளி எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கென்று 'ரிட்டர்ன்ஷிப்' என்ற பெயரில் சில வாரப் பயிற்சியைத் தொடங்கி அந்தச் சொல்லையே பிரபலமாக்கியது. ஒரு கதவு வழியாகப் பல வருடம் வெளியே இருந்தவர்களை அழைக்கிறார்கள். உள்ளே சுவரில் 'எல்லோருக்கும் தெரியும்' என்று எழுதியிருக்கிறது. அந்த எல்லோரில் நேற்றுத் திரும்பி வந்தவர் இல்லை. இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அதற்காகப் பழையபடி தடித்த கையேடுகள் திரும்ப வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. யுபிஎஸ் வங்கி 2010ல் ஸ்விட்சர்லாந்தில் சில கிளைகளுக்கு நாற்பது பக்கத்துக்கும் மேலான உடைக் கையேடு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தது. உள்ளாடை தோல் நிறத்தில் இருக்கவேண்டும் என்பதுவரை அதில் இருந்தது. ஊர் சிரித்தது. சில வாரங்களிலேயே, திருத்துகிறோம் என்று பின்வாங்கினார்கள். நாற்பது பக்கத்துக்கும் இரண்டு வார்த்தைக்கும் நடுவில் ஏழெட்டு வரிகள் போதும் என்பது ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் என் ஆச்சரியம்.

துணி வருடத்தைச் சொல்லிவிடும்

பீரோவில் இருப்பதையே போட்டுக்கொண்டு போனால் என்ன? போகலாம். ஆனால் துணிக்கும் வயது தெரியும். முதலில் தெரிவது பேன்ட்டில். 2000களில் இடுப்புக்குக் கீழே இறங்கிய வெட்டு, 2010களில் காலோடு ஒட்டிய குழல், 2020களில் இடுப்பு ஏறிக் கால் அகன்றது. அடுத்தது பிளேசரின் தோள். பேட் எவ்வளவு தடிமன், தோள் எங்கே முடிகிறது, நீளம் இடுப்போடு நிற்கிறதா தொடை வரை வருகிறதா என்பதைப் பார்த்தே நான்கைந்து வருட வித்தியாசத்துக்குள் கணித்துவிடலாம். அப்புறம் ஷூவின் முனை. மாறாதவையும் உண்டு. ஒரே நிறத்தில், உடம்போடு ஒட்டாமல் தொளதொளக்காமல் தைத்த சட்டை, கழுத்தை மூடிய மெல்லிய ஸ்வெட்டர், நேர்க்கால் பேன்ட் எல்லாம் பத்து வருடத்தில் யார் கண்ணையும் உறுத்துவதில்லை.

புதிதாக வாங்கப் போனால் சைஸ் நம்பர் காலை வாரும். அமெரிக்க அரசு 1958ல் பெண்களின் உடைக்கென்று ஓர் அளவுத் தரத்தை வெளியிட்டது. 1983ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அன்று முதல் எந்த நம்பருக்கு எந்த அளவு என்பது தைக்கிறவர் வைத்ததுதான். வாங்குகிறவர் மனம் குளிரட்டும் என்று அதே நம்பருக்குள் துணியைப் பெரிதாக்கிக்கொண்டே வந்தார்கள். பத்து வருடத்துக்கு முன்பு வாங்கிய நம்பரைச் சொல்லிக் கேட்காதீர்கள். பிள்ளை பெற்றதால் உடம்பு மாறியது பாதி, நம்பர் மாறியது மீதி.

பாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். கர்ப்பத்தில் கால் வீங்கும், பிரசவத்துக்கப்புறம் வற்றிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அயோவா பல்கலைக்கழகத்தில் 49 பெண்களின் பாதங்களைக் கர்ப்பத்தின் தொடக்கத்திலும் பிரசவமாகி ஐந்து மாதம் கழித்தும் அளந்து 2013ல் முடிவை வெளியிட்டார்கள். 60 முதல் 70 சதவீதம் பேருக்குப் பாதம் நீண்டோ அகன்றோ இருந்தது. உள்வளைவும் சற்றுத் தாழ்ந்திருந்தது. அதிலும் முதல் பிரசவத்தில்தான் மாற்றம் அதிகம். பழைய ஆபீஸ் ஷூ கடிக்கிறது என்றால் அது பழக்கம் விட்டுப்போனதால் அல்ல, கால் வேறு கால் ஆகிவிட்டது. முதல் சம்பளத்தில் ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் நான் ஷூவைத்தான் சொல்வேன்.

ஹீல்ஸ் விஷயத்தில் இடைவெளி எடுத்தவர்களுக்குக் காலம் ஒரு நல்லது செய்திருக்கிறது. 2015 டிசம்பரில் லண்டனில் ஒரு பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனத்துக்குத் தற்காலிக வரவேற்பாளராகப் போன பெண்ணைத் தட்டையான ஷூ போட்டு வந்ததற்காகச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 2017ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அதற்கென்றே விவாதம் நடந்தது. அதே வருடம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் ஹீல்ஸைக் கட்டாயமாக்குவதைத் தடைசெய்தது. 2019ல் ஜப்பானில் யூமி இஷிகாவா தொடங்கிய 'குடூ' இயக்கம் உலகச் செய்தியானது. ஜப்பானிய மொழியில் ஷூவுக்கும் வலிக்கும் ஏறத்தாழ ஒரே ஓசை, அதை வைத்து உண்டாக்கிய பெயர் அது. அதே வருடம் விர்ஜின் அட்லாண்டிக் விமானப் பணிப்பெண்களுக்கு மேக்கப் கட்டாயமில்லை என்று அறிவித்தது. முன்பு வாயைத் திறக்க முடியாத விஷயத்தில் இன்று சாதாரணமாக மறுத்துவிடலாம் என்ற நிலைமை பல இடங்களில் வந்திருக்கிறது. ஒன்பது பத்து வருடம் வெளியே இருந்தவர் இது தெரியாமல் காலைக் கடிக்கவிட்டு உட்கார்ந்திருப்பார்.

குழந்தை இன்னும் பால் குடிக்கும்போதே திரும்புகிறவர்களின் கணக்கு வேறு. முன்பக்கம் திறக்கிற சட்டை, ஈரம் தெரியாத இருண்ட நிறம் அல்லது பொடி டிசைன், டிராயரில் மாற்றுச் சட்டை ஒன்று. இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. தோளில் பிள்ளை வாய் துடைத்த தடம் பெரும்பாலும் ஆபீஸ் லிஃப்ட் கண்ணாடியில்தான் முதலில் கண்ணில் படும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அப்புறம் பாக்கெட். பள்ளியிலிருந்து எந்த நேரத்தில் போன் வரும் என்று தெரியாதவருக்குப் போன் கைப்பையில் இருந்தால் போதாது, உடம்போடு இருக்கவேண்டும். 2018ல் அமெரிக்காவில் 20 பிராண்டுகளின் ஜீன்ஸை வாங்கி அளந்துபார்த்ததில், பெண்கள் ஜீன்ஸின் முன்பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு என்று தெரிந்தது. பேன்ட் எடுக்கும்போது நிறத்தைப் பார்ப்பதற்கு முன்பு பாக்கெட்டுக்குள் கையை விட்டுப்பாருங்கள்.

டி-ஷர்ட் எல்லோருக்கும் ஒன்றல்ல

என் தோழியின் இன்டர்வியூவில் டி-ஷர்ட்டில் இருந்தவர் அங்கே உயர்பதவியில் இருக்கிறார். அவரைப் பார்த்து அவளும் அடுத்த வாரம் டி-ஷர்ட்டில் போயிருந்தால்? 2014ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்குப் பக்கத்தில் வருகிறது. மிலான் நகரின் விலையுயர்ந்த கடைகளில் விற்பனையாளர்களிடம் கேட்டார்கள்: ஜிம் உடையில் வருகிற பெண், ஃபர் கோட்டில் வருகிற பெண், இருவரில் யார் வசதியானவர்? ஜிம் உடைக்காரர்தான் என்றார்கள். எதைப் பற்றியும் கவலைப்படாமல் இப்படி வரமுடிகிறது என்றால் பெரிய ஆளாகத்தான் இருக்கவேண்டும் என்ற கணக்கு. ஆனால் அந்த மீறல் வேண்டுமென்றே செய்ததாகத் தோன்றினால்தான் இந்த மதிப்பு. விவரம் தெரியாமல் வந்துவிட்டார் என்று தோன்றினால் மதிப்புக் கூடாது. பெரியவர் கலைந்த தலையோடு வந்தால் ஞானி என்போம், சின்னவர் வந்தால் இப்போதுதான் எழுந்தாயா என்போம். அதே கதைதான்.

திரும்பி வருகிற தாய்க்கு இது இன்னொரு சுமையோடு சேர்ந்து வருகிறது. சமூகவியலாளர் ஷெல்லி காரல் இன்னும் இருவரோடு சேர்ந்து 2007ல் வெளியிட்ட ஆய்வில், தகுதியில் வித்தியாசம் இல்லாத இரண்டு விண்ணப்பங்களில் ஒன்றில் மட்டும் விண்ணப்பதாரர் ஒரு தாய் என்பதற்கான குறிப்பைச் சேர்த்து, மதிப்பிடச் சொல்லிக் கொடுத்தார்கள். தாய் என்று தெரிந்தவரைத் திறமை குறைந்தவராகவும் வேலையில் ஈடுபாடு குறைந்தவராகவும் மதிப்பிட்டார்கள். பரிந்துரைத்த தொடக்கச் சம்பளமும் வருடத்துக்கு 11,000 டாலர் குறைந்தது. தந்தை என்று குறிப்பிட்ட ஆண்களுக்கு அந்த நஷ்டம் இல்லை. இந்தக் கண்ணோடு பார்க்கிறவருக்குக் கசங்கிய சட்டை ஸ்டைலாகத் தெரியாது, 'பாவம், வீட்டில் நேரமில்லை போல' என்றுதான் தெரியும். ஆகவே 'எது வேணா போட்டுக்கலாம்' என்ற சுதந்திரம் காகிதத்தில் எல்லோருக்கும் ஒன்று, கையில் கிடைப்பது ஆளுக்கு ஒரு அளவு. நியாயமா என்றால் இல்லை. முதல் இரண்டு மாதம் சுற்றியிருப்பவர்களைவிட அரைப்படி மேலே உடுத்துங்கள் என்று நானும் வேண்டாவெறுப்பாகத்தான் சொல்கிறேன்.

அரைப்படி மேலே என்றால், எல்லோரும் டி-ஷர்ட் என்றால் நீங்கள் காலர் சட்டை, எல்லோரும் காலர் சட்டை என்றால் அதன்மேல் ஒரு கார்டிகன். முழுப் படி மேலே போனால் என் தோழி கதைதான்.

அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது எப்படி? கம்பெனிகள் போடுகிற படங்களில் பாதி ஆண்டுவிழாப் படம், மீதி விலைக்கு வாங்கிய மாடல் படம். அவற்றை நம்பவேண்டாம். நேரிலேயே போய்ப் பார்க்கலாம், வார நடுவில், சாயங்காலம் ஆட்கள் வெளியே வருகிற நேரத்தில். அதைவிடச் சுலபம், கேட்டுவிடுவது. கேள்வியில்தான் சூட்சுமம் இருக்கிறது. 'டிரஸ் கோட் என்ன?' என்று எச்.ஆரிடம் கேட்டால் 'ஸ்மார்ட் கேஷுவல்' என்ற பதில் வரும். அந்தச் சொல்லுக்கு உலகத்தில் இரண்டு பேர் ஒரே அர்த்தம் சொல்லி நான் கேட்டதில்லை. 'நேத்து நம்ம டீம்ல என்ன போட்டுட்டு வந்தாங்க? கிளையண்ட் வர்ற அன்னிக்கு வேற மாதிரியா?' என்று உங்கள் டீமில் இருக்கிற ஒருவரிடம் கேளுங்கள். நேற்று என்ன நடந்தது என்பதற்கு யாரும் கொள்கை பேசமுடியாது. வீடியோ மீட்டிங்கில் கேமரா போடுவார்களா என்பதையும் அதோடு கேட்டுவிடலாம். 2020க்கு முன்பு வேலையை விட்டவர்களுக்கு இது புது விதி, இடுப்புக்கு மேலே மட்டும் செல்லுபடியாகும் விதி.

சேர்வதற்கு முன்னாடியே பத்து செட் எடுத்துவிடுகிற ஆசை வரும். பதற்றத்தில் வருகிற ஆசை அது. மூன்று செட்டோடு போங்கள். இரண்டு வாரம் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்குங்கள். மூன்றையே மாற்றி மாற்றிப் போடுகிறீர்கள் என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்கப் போவதில்லை, எல்லோருக்கும் அவரவர் கவலை.

'நல்லா டிரஸ் பண்ணினா தன்னம்பிக்கை தானா வரும்' என்ற அறிவுரைக்கு ஆதாரமாக 2012ல் வந்த ஓர் ஆய்வை எல்லோரும் காட்டுவார்கள். ஒரே வெள்ளைக் கோட்டை டாக்டர் கோட் என்று சொல்லிப் போட்டுவிட்டவர்கள், பெயின்டர் கோட் என்று சொல்லிப் போட்டுவிட்டவர்களைவிடக் கவனப் பரீட்சையில் நன்றாகச் செய்தார்கள் என்பது அது. 2019ல் வேறு சிலர் அதே ஆய்வின் இன்னொரு பகுதியை, கோட் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டதை, நிறைய ஆட்களை வைத்துத் திரும்பச் செய்துபார்த்தபோது வித்தியாசம் வரவில்லை. ஒன்பது வருடத் தயக்கத்தை ஒரு சட்டை போக்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எதைப் போடுவது என்று காலையில் பீரோ முன்னால் நின்று யோசிக்கிற இருபது நிமிஷத்தைச் சட்டை மிச்சம் பிடித்துக்கொடுத்தால் அதுவே பெரிய உதவி.

இந்த விஷயத்தில் பொறாமைப்படத் தக்கவர்கள் யூனிஃபார்ம் வேலைக்குத் திரும்புகிறவர்கள்தான். நர்ஸ், விமானப் பணியாளர், ஆய்வகத்தில் இருப்பவர் எல்லோரும் முதல் நாளே மற்றவர் மாதிரி இருப்பார்கள். யூனிஃபார்ம் தனித்தன்மையைக் கொல்கிறது என்று சின்ன வயதில் நானும் பேசியிருக்கிறேன். திரும்பி வருகிறவர்களைப் பார்த்த பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன்.

கம்பெனிகள் செய்யவேண்டியது ரொம்பக் கொஞ்சம். ஆஃபர் லெட்டரோடு ஏழெட்டு வரி. சாதாரண நாளில் பெரும்பாலோர் என்ன போடுகிறார்கள், வெளியாட்கள் வருகிற நாளில் என்ன, எது நிச்சயம் கூடாது, கேட்பதற்கு யார். அந்த வரிகளை எச்.ஆர். எழுதக்கூடாது, அந்த டீமில் இருக்கிறவர் எழுதவேண்டும். கூடவே ஏசி எத்தனை டிகிரி என்பதையும் போட்டுவிட்டால் நல்லது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆபீஸ்களுக்கு வெப்பநிலை நிர்ணயிக்கும் கணக்கு 1960களில் உருவானது. 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஆணின் உடல் வெளியிடும் வெப்பத்தை அடிப்படையாக வைத்தது. அது பெண்களின் உடல் வெப்பத்தை அதிகமாகக் கணக்கிட்டுவிடுகிறது என்று 2015ல் இரண்டு டச்சு ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். கோட் போட்டவர்களுக்காகக் குளிரவைத்த அறையில் இன்று கோட் போடாதவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

என் தோழி இப்போது ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போவது அரைக்கைச் சட்டை, நேர்க்கால் பேன்ட், கடிக்காத ஷூ. பிளேசரையும் எடுத்துப்போய் நாற்காலி முதுகில் மாட்டிவைத்திருக்கிறாள். கிளையண்ட் வருகிற நாளுக்காக என்றுதான் வைத்தாள். நான்கு மாதத்தில் கிளையண்ட் வந்தது இரண்டு முறை. மற்ற நாளெல்லாம் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் குளிருக்காகப் போட்டுக்கொள்கிறாள். பக்கத்து சீட்டுப் பெண் ஒருநாள் அதை இரவல் கேட்டாளாம்.